நான்தாங்க

எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும், எது கெட்டுப்போனாலும் செய்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேட்டவுடனே ஒரு குரல் வந்துவிடும்.

"நான்தாங்க."

பூனை உருட்டிய சட்டிக்கும் அந்தக் குரல்தான். மழையில் நனைந்த நெல்லுக்கும் அந்தக் குரல்தான். ஒருநாள் எங்களுக்கு வயலில் கூலி கொடுக்கிற கமக்காரர் வீட்டில் அலுமாரிக் கண்ணாடி வெடித்திருந்தது. கமக்காரர் முற்றத்தில் இறங்கி, "ஆற்றை வேலையடா இது?" என்று, செய்த ஆளைக் கேட்டுக் கத்தினார். அந்தக் குரலுக்குரியவள் வேலிக்கு வெளியே நின்று விறகு கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க அவளை விட்டதே இல்லை. இருந்தும் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "நான்தாங்க" என்றாள்.

கமக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். நான் எதற்கும் சிரிக்கிறவன். செத்தவீட்டுக்கு என்னைக் கூப்பிடப் பயப்படுவார்கள். பறைக்காரனைப் போல நடந்து காட்டி, அழுதுகொண்டிருக்கிற சனத்தைச் சிரிக்க வைத்துவிடுவேன். படிப்புக் கிடையாது. கையெழுத்துக்குப் பெருவிரல்தான். அந்தப் பெருவிரலையும் சின்ன வயதில் அரிவாளால் வெட்டிக்கொண்டதால் என் ரேகை ஒருமுறை விழுந்த மாதிரி மறுமுறை விழாது. என்னைப் போல ஒருவனைக் கடவுளாலேகூட இன்னொருமுறை அச்சுக் குத்த முடியாது.

கமக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சிக்கு வந்தவர். தனக்குக் கிடைத்த காணியோடு நிற்காமல், அக்கம்பக்கத்துக் காணிகளையும் மெல்லமெல்லத் தன் வேலிக்குள் இழுத்துக்கொண்டார். நான் அவருடைய கமத்தில் எடுபிடி. அவள், தமிழரை அடித்துத் துரத்திய ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு அடுத்த போகத்தில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். புருசன் எங்கே என்று என் மனுசி கேட்டாள்.

"அதுவும் நான்தாங்க. நான்தான் வேணாம்னுட்டு வந்துட்டேங்க."

அவளுக்கு நல்ல பெயரொன்று இருந்தது. நாங்கள் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தோட்டக்காட்டாள்' என்போம். கோபம் வந்தால், இந்தியாவிலிருந்து களவாக வந்தவள் என்று 'கள்ளத்தோணி' என்போம். நாங்கள் 'ஓம்' என்கிற இடத்தில் அவள் 'ஆமாங்க' என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால் ஓடி 'ஆமாங்க ஆமாங்க' என்று தவளை மாதிரிக் கத்துவார்கள். அந்தக் கத்தலைப் பிள்ளைகளுக்குப் பழக்கியவன் நான்தான். நானும் கூலிதான். ஆனால் ஓம் என்று சொல்கிற கூலி. அது ஒரு பெரிய உத்தியோகம் என்று அப்போது எனக்கு நினைப்பு.

வந்த புதிதில் அவளை மிளகாய் பறிக்க விட்டார்கள். இரண்டு கையாலும் படபடவென்று பறித்தாள். எங்கள் பெண்கள் ஒரு செடி முடிக்கிறதற்குள் அவள் வரிசையின் பாதியில் நின்றாள். ஆனால் பறித்ததையெல்லாம் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் பின்னால் எறிந்துகொண்டே போனாள். முதுகில் கொழுந்துக் கூடை இருக்கிற நினைப்பு. இங்கே முதுகில் கூடை இல்லை. மிளகாய் முழுக்கப் புழுதியில். நான் சும்மா இருப்பேனா? ஒரு ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போய், பந்து பிடிக்கிறவன் மாதிரி அங்கும் இங்கும் பாய்ந்து காட்டினேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சத்தத்துக்கு அவள் திரும்பினாள். புழுதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான்தாங்க" என்றாள். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு, குந்தியிருந்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பொறுக்கினாள். நான் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆடினேன்.

கமத்தின் பின்பக்கம் காடு. காட்டுக்குள் கமக்காரருக்கு இன்னொரு பயிர் இருந்தது. கசிப்பு, கள்ளச் சாராயம். சீனியைக் கரைத்துப் பீப்பாவில் கோடா புளிக்க வைத்து, காய்ச்சி வடிக்கிறது. மழை பிழைத்தாலும் பிழைக்காத பயிர். காய்ச்சுகிறவன் நான். ருசி பார்க்கிறவனும் நான். அதனால் மீதி வேலைகளில் கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கும்.

ஒரு மத்தியானம் மதுவரிக்காரர் வந்து வளைத்துவிட்டார்கள். நான் ஓடினேன். நான்தான் ஓடினேன், என் இடுப்புச் சாரம் ஓடவில்லை. அது ஈச்சம் முள்ளில் நின்றுவிட்டது. பிறந்தமேனிக்கு வாய்க்காலுக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் குந்தி, தலையில் ஒரு தாமரை இலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அடுப்புக்கு விறகு கொண்டுவந்த அவள் மட்டும் பீப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீருக்கு மேலால் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஆற்றை கோடா இது?"

"நான்தாங்க."

"நீ தனியவோ காய்ச்சுறனி?"

"ஆமாங்க. நான்தாங்க."

"அப்ப அந்த முள்ளில தொங்குற சாரம்?"

"அதுவும் நான்தாங்க."

மதுவரிக்காரர்கள் சிரித்தார்கள். இலைக்குக் கீழே நானும் சிரித்தேன். பிறகு அவளைக் கொண்டுபோனார்கள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அதை நான் கோயிலிலும் சொல்வேன். முதல் முறை யாரும் சொல்லவில்லை.

கமக்காரர் அபராதத்தைக் கட்டி அவளை எடுத்தார். பயந்தவரைப் போலத்தான் கோட்டுக்கு, நீதிமன்றத்துக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எடேய், பொம்பிளை எண்டாப்போல நீதவான் குறைச்சு விட்டிட்டாரடா. கையில பிள்ளை வேற. இனி இவள்தான் எங்கட ஆள்."

"ஐயா, எங்கட பொம்பிளையள் ஆரும்..." என்று தொடங்கினேன்.

"விசரா, எங்கட பொம்பிளையளைக் கோட்டுப்படி ஏத்தேலுமே? மானம் என்னத்துக்காகிறது? அவளுக்கென்ன, தோட்டக்காட்டாள். ஆர் கேக்கப் போகினம்?"

அதுதான் கணக்கு. காய்ச்சுவது ஆம்பிளை, விற்பது ஆம்பிளை, குடிப்பது ஆம்பிளை. கோட்டுக் கூண்டில் ஏறுவது மட்டும் பொம்பிளை, அதுவும் எங்கள் பொம்பிளை அல்ல. பிறகு கமக்காரருடைய சொந்தக்காரர்களும் தங்கள் கேசுகளுக்கு அவளைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். அரசாங்கக் காட்டில் பாலை மரம் தறித்தவர், மான் இறைச்சியோடு பிடிபட்டவர் என்று எல்லாருக்கும் அவள் போனாள். ஒரு பொம்பிளை தனியாகப் பாலை மரத்தைத் தறித்து வண்டியில் ஏற்றினாள் என்று கோடும் நம்பியது. நம்ப வசதியாக இருந்தது போலும்.

அவளைக் கூட்டிக்கொண்டு போய்வருகிற வேலை எனக்கு. கூண்டில் ஏறினால் அவளுக்குக் கண் மங்கிவிடும், யார் என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடாது. ஆகவே ஒரு பழக்கம் வைத்தோம். நான் பின்வாங்கில் இருப்பேன். நீதவான் ஆங்கிலத்தில் சொல்வதை, கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் தமிழில் சொல்லி, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று, செய்தவளா செய்யாதவளா என்று கேட்டு முடிப்பார். அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவள், "குற்றவாளிங்க. நான்தாங்க" என்பாள். முடிந்தது. முதலியாருக்கு அவளை நல்ல பிடித்தம். "எல்லாரும் இவளைப் போல இருந்தால் கோட்டை மத்தியானமே பூட்டலாம்" என்பார்.

சாயங்கால பஸ்ஸில் திரும்புவோம். ஓமந்தையில் பஸ் நிற்கும்போது தேத்தண்ணியும் வடையும் வாங்குவேன். அவள் தன் வடையை அப்படியே முந்தானையில் முடிந்து வைப்பாள், மகளுக்கு. ஒருமுறை அந்தத் தேத்தண்ணிக் கடையில்தான் கேட்டேன்.

"ஏன் பிள்ளை, செய்யாத வேலைக்கெல்லாம் ஓமெண்டுறாய்? உனக்கென்ன விசரோ?"

அவள் யோசிக்கவே இல்லை. "தோட்டத்துல கங்காணி நிக்க வச்சு யாருன்னு கேப்பாருங்க. யாரும் சொல்லலைன்னா அந்த லயம் முழுக்கப் பேரு வெட்டிருவாங்க." லயம் என்றால் வரிசையாய்க் கட்டிய கூலி வீடுகள், பேர் என்றால் அங்கே அன்றைய கூலி. "எங்கம்மா ஏத்துக்குவாங்க. அவங்க பூமிக்குப் போனப்புறம் நான். ஒரு வாய் ஒத்துக்கிட்டா ஒம்பது வூட்டுல ஒல கொதிக்கும்ணே."

அம்மாவைத் தோட்டத்திலேயே, தேயிலைக்கு நடுவில் சவுக்கு மரத்தடியில் புதைத்தார்களாம். மழைக்கு அந்த இடம் சரிந்துவிடும் என்று அவளுக்குப் பயம். கங்காணியின் பெயர், லயத்தின் பின்னால் ஓடுகிற பீலித் தண்ணீர், தான் பிறந்த அன்று துரையின் குதிரை செத்த கதை எல்லாம் சொன்னாள். நான் குதிரை சாகிற மாதிரி விழுந்து காட்டினேன். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கள் வண்டியில் அவளையும் ஏற்றிப் போனோம். அங்கே நந்திக்கடலைக் கண்டதும் என் மனுசியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இது எந்தத் தோட்டத்துக் கொளங்க? அந்தப் பக்கம் கரையே காணோமே" என்றாள். காலை நனைக்கச் சொன்னோம், மாட்டேன் என்று மணலில் குந்திவிட்டாள். மலையிலே பிறந்தவளுக்கு அதுதான் முதல் கடல், அதுவும் நிலத்துக்குள் புகுந்த அரைக் கடல்.

அன்றைக்குத்தான் கமக்காரர் பெண்சாதியின் சங்கிலி தொலைந்தது. பொங்கல் கூட்டத்துக்குள் அவா குய்யோ முறையோ என்று கத்த, நாலு பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பார்த்ததுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"நான்தாங்க" என்றாள்.

விழுந்தது அறை. அவளுடைய சீலையை உதறினார்கள், பிள்ளையின் சட்டையை உதறினார்கள். கடைசியில் சங்கிலி கமக்காரர் பெண்சாதியின் சட்டைக் கொக்கியிலேயே சிக்கிக் கிடந்தது.

"அப்ப ஏனடி நீ எடுத்தனான் எண்டு சொன்னனீ?" என்று அதற்கும் அவளுக்குத்தான் பேச்சு.

"மன்னிச்சிருங்கம்மா. தெரியாம சொல்லிட்டேன்" என்றாள் அவள், கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

நான் அந்தக் கதையை ஊரில் மூலைமூலையாக நடித்துக் காட்டினேன். அறையின் சத்தத்துக்கு என் துடையில் தட்டுவேன். தேத்தண்ணி சும்மா கிடைத்தது. என் மனுசி மட்டும் சிரிக்கவில்லை.

"உங்கட பாவத்தை அவள் சுமக்கிறாள். நீங்கள் ஓமந்தையில வடை திண்டுகொண்டு வாறியள்."

"வடை எண்ணெய் கூடவப்பா, அதுவும் ஒரு தண்டனைதான்" என்றேன்.

ஒருமுறை நீதவானுக்கு அலுத்துப்போய் அவளை மறியலுக்கே, சிறைக்கே அனுப்பிவிட்டார். மகள் எங்கள் வீட்டில் நின்றாள். அவள் சொன்ன நாளுக்கு வரவில்லை, பிந்தித்தான் வந்தாள். ஏன் என்று கேட்டேன். "உள்ள ஒரு பானை ஒடஞ்சு போச்சுங்க. யாருன்னு கேட்டாங்க" என்றாள். அதற்குமேல் சொல்லவேண்டி இருக்கவில்லை.

அந்த மறியலுக்குக் கூலியாகக் கமக்காரர் வாய்க்கால் கடைசியில் ஒரு துண்டு நிலம் தருவதாகச் சொன்னார். வாயால்தான் சொன்னார். அவளுக்கு அது போதும். நாலு மூலைக்கும் தடி நட்டு, ஒரு கொட்டில் போட்டு, முருங்கைக் கொப்பு ஒன்றை ஊன்றினாள். மறியலில் இருந்து வந்ததற்குப் பிறகு அவளுடைய நடையே மாறிப்போனது. காலையில் அந்த முருங்கையைப் போய்ப் பார்க்காமல் வேலைக்கு வரமாட்டாள். வாய்க்கால் பார்க்க வந்த ஓவசியர் ஒருநாள், "ஆற்றை முருங்கை இது?" என்று கேட்டார். முதல்முறையாக வாய்க்குள் சிரித்தாள். கைகளைச் சீலையில் துடைத்துக்கொண்டாள். பிறகுதான், "நான்தாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் பொலிஸ் வேறொரு வேட்டை தொடங்கியது. கரையோரங்களில் இந்தியாவிலிருந்து கள்ளமாக வருகிறவர்களைப் பிடிக்கிறோம் என்று, கதைத்தால் இழுத்துப் பேசுகிறவர்களையெல்லாம் பிடித்தார்கள். ஒருநாள் எங்கள் கமத்துக்கும் ஜீப் வந்தது. இந்த நாட்டில் பிறந்தவள் என்று காட்ட அவளிடம் ஒரு கடதாசியும் இல்லை. ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, "யாரு கேசுங்கண்ணே?" என்றுதான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

கமக்காரரிடம் ஓடினேன். அவர் பல்லுக் குத்திக்கொண்டு, "வழமை போலப் போய் வா. அபராதம் எண்டாக் கட்டுவம்" என்றார்.

வழமை போலத்தான் போனேன். பின்வாங்கில் என் பக்கத்தில் கொக்கிளாயிலிருந்து வலைச் சண்டைக் கேசுக்கு வந்த ஒருவர் இருந்தார். நல்ல மனுசன், எதற்கும் சிரிக்கிறவர். அப்படி ஒருவர் கிடைத்தால் நான் விடமாட்டேன். நீதவான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, மறுபடியும் துடைக்கிற விதத்தை நான் வெறும் விரலால் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அவர் சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு குலுங்கினார். முதலியார் ஏதோ நீளமாகப் படித்தார். "...குற்றவாளியா, சுற்றவாளியா?" என்ற முடிவு மட்டும் காதில் விழுந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

விரலில் இல்லாத கண்ணாடியைத் துடைத்தபடியே நான் தலையை ஆட்டினேன்.

"குற்றவாளிங்க. நான்தாங்க."

முதலியார் இந்தமுறை சிரிக்கவில்லை. "எடி, விளங்கித்தான் சொல்லுறியோ? நீ இந்தியாவில இருந்து கள்ளமாத் தோணியில வந்தனி எண்டு கேக்கினம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் கேட்டது. விரல் அப்படியே நின்றது. அவள் மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள். நான் ஆட்டவில்லை. இல்லை என்றும் ஆட்டவில்லை. என் தலை கல்லாகிவிட்டது. எழுந்து கத்தியிருக்கலாம். கத்தினால், நீ யார், இவளோடு ஒவ்வொரு முறையும் எதற்கு வருகிறாய் என்று கேட்பார்கள். முதலில் ஆட்டியதையே பிடித்துக்கொண்டு அவள், "ஆமாங்க. தோணிதாங்க" என்றாள்.

இந்தியாவுக்கு அனுப்பும்வரை மறியல் என்று தீர்ப்பு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், சரியாகச் சொன்னேனா என்கிற மாதிரி.

வெளியே ஒரு புறக்கிறாசியார் நின்றார். சின்னச் சின்னக் கேசுகளைப் பேசுகிற வழக்கறிஞர். அழுதபடி அவருக்கு விசயத்தைச் சொன்னேன். நான் அழுதால் சனம் பகிடி என்று நினைக்கும், அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார்.

"அவள் தோட்டத்தில பிறந்தவள் எண்டதுக்கு என்ன தெரியும் உனக்கு?"

"எல்லாம் தெரியும் ஐயா. கங்காணியின்ர பேர் தெரியும். தாயைப் புதைச்ச மரம் தெரியும். குதிரை செத்தது தெரியும்."

"அப்ப நீ வந்து சத்தியம் பண்ணிச் சொல்லு. நான் தோட்டத்துக்கு எழுதி விசாரிக்கிறன். ஆனா பழைய கேசுகளைக் கிளறுவினம். அதெல்லாம் ஆற்றை வேலை எண்டும் நீ சொல்லவேண்டி வரும். சொல்லுவியோ?"

"ஐயாவைக் கேட்டுக்கொண்டு வாறன்" என்றேன்.

கமக்காரர் கதிரையிலிருந்து எழும்பவும் இல்லை. "அவள்தானே ஓமெண்டவள்? நாங்கள் போய் இல்லையெண்டு சொல்ல ஏலுமே? நல்லா யோசி. நீ வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நீ. கோடா காய்ச்சினது நானோ நீயோ? முள்ளில தொங்கின சாரம் என்ரையோ?"

நான் வீட்டுக்கு வந்தேன். மனுசி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்களோடு நின்ற பிள்ளைக்குச் சோறு போட எழும்பினாள். புறக்கிறாசியாரிடம் நான் திரும்பிப் போகவில்லை. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இருந்தேன். அதற்குள், அவளைக் கொண்டுபோகப் போகிறார்கள், பிள்ளையைக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள் என்று செய்தி வந்தது.

பிள்ளையைக் கொண்டுபோனவனும் நான்தான். மனுசி தலையிழுத்துச் சீவி, பொட்டு வைத்து, புட்டுக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் பிள்ளை அழத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. கொண்டக்டர் மாதிரிச் செய்தேன். கமக்காரர் பல்லுக் குத்துகிற மாதிரிச் செய்தேன். நீதவான் கண்ணாடி துடைக்கிறதையும் செய்தேன். பிள்ளை மூக்கால் தண்ணீர் வரச் சிரித்தது. "இன்னொருக்கா மாமா, இன்னொருக்கா" என்றது. ஓமந்தையில் வடை வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் கடித்துவிட்டு, மீதியைச் சட்டைத் தொங்கலில் முடிந்து வைத்தது, அம்மாவுக்கு.

மறியல் வாசலில் கம்பிக்குப் பின்னால் அவள் நின்றாள். காவல்காரர் சின்னக் கதவைத் திறந்து பிள்ளையை உள்ளே விட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடியது.

"முருங்கைக்குத் தண்ணி ஊத்துறீங்களாண்ணே?"

"ஓம்" என்றேன்.

"சாயங்கால பஸ்ஸுக்கு நாங்களும் வந்துரலாங்களா?"

"ஓம்" என்றேன்.

காவல்காரர் கதவைப் பூட்டிவிட்டு ஒரு கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். பதிய வேண்டுமாம்.

"பிள்ளையை இஞ்ச கொண்டுவந்தது ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது. கால் மட்டும் பின்னால் ஓரடி வைத்தது. காவல்காரர் மறுபடியும் கேட்டார். கம்பிக்கு உள்ளேயிருந்து அவள்தான் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தாங்க."